மழைவரை பொறுக்கும் கண்... ஒரு ராத்திரிகூடப் பொறுக்காத கண்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தை பஸ் ஜன்னல் வழியாகவாவது பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாக உப்பளம், நடுவே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். பகல் பத்து மணிக்கு அந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நமக்கே கண் கூசும். செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டுத் திரையை இழுத்துவிடுவோம். அந்த வெள்ளைக்கு நடுவில் நின்று உப்பு வாருகிறவர்களுக்கு இழுத்துவிடத் திரை கிடையாது.

என் அத்தை ஒருத்தர் இந்தக் கரையில் இருபது வருஷம் உப்புக் கூடை சுமந்தவர். அவருடைய வலது கண்ணில், மூக்கை ஒட்டிய ஓரத்தில், சிவப்பாக ஒரு சதை வளர்ந்திருந்தது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் புலம்புவார். "இது கண்ணையே மூடிடுமாடா?" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பார். அவருடைய பார்வையைப் பறித்தது அந்தக் கண் இல்லை.

ஒரு கோடையில், குவியலை மூடியிருந்த பனையோலையை இழுக்கும்போது அதன் நுனி இடது கண்ணில் பட்டது. லேசான உறுத்தல்தான். உப்பு வாரும் நேரம், ஆள் குறைந்தால் மற்றவர்கள் தலையில் வேலை விழும். "சனிக்கிழமை கூலி வாங்கிக்கிட்டுப் போறேன்" என்றார். நடுவில் யாரோ சொன்னார்கள் என்று நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார்கள். பிறகு, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்து. ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் பூஞ்சைப் புண் ஆழமாக இறங்கியிருந்தது. கண் பிழைத்தது, பார்வை பிழைக்கவில்லை. ஊரில் அதைப் 'பூ விழுந்த கண்ணு' என்பார்கள்.

வலது கண் சதை? அது பாட்டுக்கு ஐந்து வருஷம் இருந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

பயப்பட வேண்டிய கண் எது என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கண் நோய் பொறுக்கும், எது பொறுக்காது என்பதுதான் இந்தக் கட்டுரை.

உப்பளத்துக்கு ஒரு காலண்டர்

மரக்காணத்தில் வருஷம் இரண்டாகப் பிரியும். தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து தண்ணீர் கட்டத் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி வரை உப்புக் காலம். மழை வந்தால் பாத்தி குளமாகிவிடும். குவியல்களை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டு எல்லோரும் வீட்டில். வேலையில்லாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது.

அதனால் உடம்புக்கு என்ன வந்தாலும் "மழை வரட்டும், பார்த்துக்கலாம்" என்பது இங்கே பழகிப்போன பேச்சு. சோம்பேறித்தனம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. வெயில்தான் இவர்களுக்குக் கூலி. வெயில் இருக்கும்போது ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது, வயலில் கதிர் முற்றியிருக்கும்போது ஊர்ப்பயணம் போவது மாதிரி. சில கண் நோய்களுக்கு இந்தக் கணக்கு சரியாகவே வரும்.

பொறுக்கும் கண்கள்

அத்தைக்கு வந்த சதை வளர்ச்சியை மருத்துவர்கள் 'டெரிஜியம்' என்பார்கள். சிறகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய படலம் தடித்து, முக்கோணமாக, பூச்சியின் இறக்கைபோலக் கருவிழி மேல் ஏறும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள்தான் முக்கியக் காரணம். காற்றும் தூசியும் கூடச் சேரும். பூமத்திய ரேகையை ஒட்டிய வெயில் நாடுகளில்தான் இது அதிகம்.

ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கமே வளர்கிறது? ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரொனியோ இதற்கு ஒரு விளக்கம் தந்தார். காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் வெளிச்சத்தைக் கருவிழி ஒரு பூதக்கண்ணாடிபோல வளைத்து, எதிர் ஓரத்தில், அதாவது மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது. அந்த ஒரு புள்ளியில் ஒளியின் செறிவு 20 மடங்கு வரை ஏறலாம். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கிய அதே வித்தைதான். நேராகப் பார்த்து வேலை செய்தாலும் பக்கவாட்டு வெளிச்சம் விடாது.

இதைக் கண்டு பதற வேண்டாம். கருவிழியின் ஓரத்தில் நிற்கும்வரை, கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்தும் வெயில் தடுப்புக் கண்ணாடியும் போதும். நடுப்பாவையை நோக்கி நகர்ந்தாலோ, கருவிழியை இழுத்துப் பார்வையைக் கோணலாக்கினாலோதான் ஆபரேஷன். வெறுமனே வெட்டி மட்டும் எடுத்தால் மறுபடி வளரும் வாய்ப்பு மிக அதிகம். அதனால் இப்போது மேல் இமைக்கு அடியிலிருந்து நோயாளியின் சொந்தப் படலத்தையே சிறு துண்டாக எடுத்து, வெட்டிய இடத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். தையலுக்குப் பதில் ஒருவகைப் பசை, சில சமயம் நோயாளியின் ரத்தமே பசை. பிறகு சில வாரம் வெயிலும் தூசியும் படக் கூடாது. உப்பளத்துக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மழைக்கால வேலை வேறு இல்லை.

இடையில் ஒரு சுவாரசியம். கண்ணில் வளரும் இந்தச் சதையை சுஸ்ருத சம்ஹிதை 'அர்மம்' என்று குறிப்பிட்டு, அறுத்தெடுக்கும் முறையையும் சொல்கிறது. கொக்கியால் தூக்குவதற்கு முன் சதையைக் கிளறிவிட அதில் தூவச் சொன்ன பொருள் என்ன தெரியுமா? உப்புத் தூள்! (வீட்டில் யாரும் முயற்சி செய்துவிட வேண்டாம்.)

புரையும் பொறுக்கும் கட்சிதான், ஆனால் ஓர் எல்லைவரை. வயதானால் லென்ஸ் மங்குவது இயற்கை. வெயில் அதை முன்கூட்டியே வரவழைக்கும். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 தொழிலாளர்களின் கண்களைப் பரிசோதித்து, ஒவ்வொருவரும் வாழ்நாளில் எவ்வளவு வெயில் வாங்கினார் என்று கணக்கிட்டு, 1988-இல் ஓர் ஆய்வு வெளியானது. கண்ணுக்குள் போன புற ஊதா-பி கதிரின் அளவு இரட்டித்தால் ஒருவகைப் புரை வரும் அபாயம் 1.6 மடங்காகிறது என்று அது காட்டியது. அவர்களுக்குத் தண்ணீரிலிருந்து தெறித்த வெளிச்சம். நம்மவர்களுக்குத் தண்ணீரிலிருந்தும் தெறிக்கிறது, உப்பிலிருந்தும் தெறிக்கிறது.

"புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. அன்றைய ஆபரேஷன் முறைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்று சின்னத் துளை வழியாக மங்கிய லென்ஸை எடுத்து, செயற்கை லென்ஸை உள்ளே வைத்துவிடுகிறார்கள். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகிவிட்டால் அதுவே நேரம். வருஷக்கணக்கில் விட்டு முற்றிப்போனால், லென்ஸ் கசிந்து கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நிரந்தரமாகப் பார்வை போகவும் கூடும். ஒரு மழைக்காலம் தள்ளிப்போடலாம், ஐந்து மழைக்காலம் கூடாது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்காக ஒன்று. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்ட முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்யும் முறையில் வளர்ந்தது. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தை அமைத்து லென்ஸை இங்கேயே மலிவாகச் செய்தார்கள். 2003 முதல் புதுச்சேரி தவளக்குப்பத்தில் அவர்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் கண் சிகிச்சை உண்டு. மரக்காணத்திலிருந்து எல்லாமே பஸ் தூரம்தான்.

நாற்பது வயதுக்கு மேல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, செல்போனைக் கை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் அது வெள்ளெழுத்து. நோயே இல்லை, கண்ணாடி போட்டால் தீர்ந்தது. அந்தக் கண்ணாடி வாங்கப் போகும் அன்றைக்கே கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிப்பது கட்டாயம். அங்கே ரத்தம் கசிவது ரொம்ப நாள் வெளியே தெரியாது.

சதைபோல இருக்கும், சதை இல்லை

அபூர்வமாக ஒன்று சதை வளர்ச்சியின் வேஷத்தில் வரும். கண்ணின் மேற்பரப்பில் தோன்றும் புற்றுநோய். இதற்கும் வெயில் ஒரு காரணம். சதை வருஷக்கணக்கில் மெதுவாக நகரும். இது மாதக்கணக்கில் பெருக்கும். கூழ் மாதிரியோ, வெள்ளைச் செதிலாகவோ, முறுக்கிய ரத்த நாளங்களோடோ இருக்கும். மூக்குப் பக்கம் இல்லாமல் காதுப் பக்கம் மட்டும் 'சதை' வளர்ந்தால் கட்டாயம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் சுற்றியும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுத்து, ஓரங்களை உறையவைத்து, அல்லது புற்று அணுக்களைக் கொல்லும் சொட்டு மருந்தாலேயே கண்ணைக் காப்பாற்றிவிடலாம். வெட்டியெடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள்.

இன்னோர் அபூர்வம், கருவிழியில் தேன் நிறத்தில் துளித்துளியாகப் படிவது. கனடாவின் லாப்ரடார் பனிக்கரையிலும், எரித்ரியாவையொட்டி செங்கடலில் இருக்கும் தஹ்லாக் தீவுகளிலும் இதை அதிகமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒன்று உறையும் குளிர், இன்னொன்று கொளுத்தும் சூடு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கீழிருந்து தெறிக்கும் வெளிச்சமும், வாரிக்கொண்டு வரும் காற்றும். மரக்காணத்து உப்பளத்தில் நின்றால் இரண்டும் முகத்தில் அடிக்கும். அதனால்தான் அந்தத் தூரத்துத் தீவு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

பொறுக்காத கண்கள்

இனி, சனிக்கிழமைக் கூலிவரை பொறுக்காதவை.

முதலில் கருவிழிப் புண். மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு இது வருவதாகத் தெரிந்தது. அமெரிக்கக் கணக்கைவிட ஏறக்குறைய 10 மடங்கு. நம் பக்கம் நெல் தூசு, ஓலை நுனி, குச்சி, மண் என்று ஏதாவது கண்ணைக் கீறிவிடும். கீறலோடு பூஞ்சையும் உள்ளே போகும். உறுத்தல், சிவப்பு, தண்ணீர் வடிதல், வெளிச்சம் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி... இதில் எது இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவர்.

பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து சிறந்தது என்ற கேள்விக்கு விடை தேடிய பெரிய ஆய்வுகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு செய்த அந்த ஆய்வு 2013-இல் வெளியானது. புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசின் சொட்டு மருந்தே நன்றாக வேலை செய்கிறது, முக்கியமாக ஃபுசேரியம் என்ற பூஞ்சைக்கு எதிராக, என்று தெரிந்தது. மருந்து இருக்கிறது. வேண்டியது ஆறாம் நாள் இல்லாமல் முதல் நாள் போவது.

கெடுப்பது இரண்டு. ஒன்று, கண்ணில் விடும் கைவைத்தியம். தாய்ப்பால், பூச்சாறு, இலைச்சாறு எதுவாக இருந்தாலும், கீறிய கண்ணில் அது கிருமிக்குப் போடும் சோறு. இரண்டு, மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிவப்பு சட்டென்று குறையும், ஆறுதலாக இருக்கும், உள்ளே பூஞ்சை கொழுக்கும். 'மெட்ராஸ் ஐ' வந்தாலும் இதே எச்சரிக்கைதான். அது வைரஸ், ஓரிரு வாரத்தில் தானாகவே போகும். துண்டையும் தலையணையையும் தனியாக வைத்து, கையைக் கழுவினால் போதும். வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது பொய்.

அடுத்தது, நிமிஷக் கணக்கு. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் ஆட்டோ கூப்பிடுவதற்கு முன் தண்ணீர்! வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் பீய்ச்சுவது நம் வீடுகளில் நடக்கிற விபத்து. இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை அரைமணி நேரம் ஊற்றிக் கழுவிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சுண்ணாம்பு இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கருவிழியை அரிக்கும். உப்பளத்தின் அடர்ந்த உப்புத் தண்ணீர் தெறித்தாலும் கழுவுவதுதான் முதல் வைத்தியம். அது சுண்ணாம்பு அளவுக்கு மோசமில்லை.

திடீரென்று ஒரு கண்ணில் தாங்க முடியாத வலி, பாதித் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம். "பித்தம்" என்று சுக்குக் கஷாயம் வைப்பார்கள். கண் அழுத்தம் சட்டென்று ஏறும் ஒருவகை கிளாக்கோமாவாக இது இருக்கலாம். சில மணி நேரத்திலேயே நரம்பு பாழாகும். மருந்தால் அழுத்தத்தை இறக்கி, லேசரால் கண்ணுக்குள் சின்னத் துளை போட்டு விடுவார்கள். அதேபோல, கண்ணில் மின்னல் மின்னலாகத் தெரிந்து, கரும்புள்ளிகள் கொட்டி, ஓரத்தில் திரை இறங்குவதுபோல் இருந்தால் விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். வலியே இருக்காது. அதுதான் ஆபத்து.

பயமுறுத்திவிட்டு ஆறிப்போகிற ஒன்றும் உண்டு. பகல் முழுக்க வெள்ளையில் நின்றவர்களுக்கு ராத்திரி இரண்டு கண்ணிலும் மண் அள்ளிப் போட்டதுபோலக் கரிக்கும், தண்ணீராகக் கொட்டும். வெல்டிங் பட்டறைப் பையன்களுக்கும், பனிமலையில் கண்ணாடி இல்லாமல் நடந்தவர்களுக்கும் வருவது இதே வெளிச்சப் புண். கண்ணை மூடி ஓய்வெடுத்து, ஈரத்துணி வைத்தால் ஓரிரு நாளில் சரியாகும். ஒரே கண்ணில் மட்டும் இருந்தால், அல்லது இரண்டாம் நாளும் குறையவில்லை என்றால் இது அதுவல்ல, கிளம்புங்கள்.

கண்ணாடி ஏன் போடுவதில்லை?

கேட்டால் மூன்று பதில் வரும். வேர்வையில் மூடுபனி போடுகிறது, உப்பு படிந்து கீறல் விழுகிறது, பெண்கள் போட்டால் கேலி செய்கிறார்கள். மூன்றும் உண்மை. கடைசியை மாற்ற வேண்டியது கண் மருத்துவர் இல்லை, நாம்தான்.

தலையில் துண்டோ, விளிம்புத் தொப்பியோ போட்டால் மேலிருந்து வரும் கதிர் பெருமளவு குறையும். ஆனால், உப்பளத்தில் பாதி வெயில் கீழேயிருந்து அல்லவா வருகிறது? அதற்குக் கண்ணாடிதான் வழி. கறுப்பாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. பட்டறைகளில் போடும் வெள்ளைநிற பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியே புற ஊதாக் கதிரைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுத்துவிடும். பக்கவாட்டிலும் மறைப்பு இருந்தால், அந்த 'பூதக்கண்ணாடி' வெளிச்சமும் உள்ளே வராது. திருவிழாக் கடையில் வாங்கும் வெறும் கறுப்புக் கண்ணாடிதான் மோசம். இருட்டென்று நினைத்துப் பாவை விரியும், தடுக்கப்படாத கதிர் அதிகமாகவே உள்ளே போகும். வாங்கும்போது 'யுவி 400' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

உச்சி வெயிலில் மட்டும் போட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஜப்பானின் கனஸாவா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொம்மைத் தலையின் கண்ணில் உணர்கருவி வைத்து அளந்தார்கள். சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது புருவம் மறைத்துவிடுகிறது. கோடைநாளில் சூரியனைப் பார்த்து நிற்கும் கண்ணுக்கு அதிகக் கதிர் கிடைத்தது காலை எட்டு, பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு, நான்கு மணிக்கும்தான். வெயிலுக்குப் பயந்து காலையிலும் சாயங்காலமும் வேலையை வைத்துக்கொள்கிறவர்களுக்கு இது கசப்பான செய்தி.

வீட்டுக் குழந்தைகளுக்காக...

கையில் செல்போன் இருக்கிற எல்லோருக்கும் ஒன்று. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்ணின் பாவை மட்டும் சிவப்பாக இல்லாமல் வெள்ளையாகப் பூனைக்கண்போல் மின்னினால், மறுநாளே கண் மருத்துவரிடம் அந்தப் படத்தோடு போங்கள். கோணத்தால் வந்த வெறும் பிரதிபலிப்பாக இருக்கலாம், பிறவிப் புரையாக இருக்கலாம். அபூர்வமாக, விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் பிள்ளையையும் காப்பாற்றலாம், பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம்.

மாலைக்கண்ணிலும் இரண்டு உண்டு. வைட்டமின் ஏ குறைவால் வருவது மருந்திலும் முருங்கைக்கீரையிலும் தீரும். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ திரவத்தை விட்டுவிடாதீர்கள். மற்றொன்று பரம்பரையாக வருவது. விழித்திரை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல அணையும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இன்னும் குணப்படுத்தும் மருந்து வரவில்லை. ஆனாலும், சீக்கிரம் தெரிந்தால் படிப்பையும் தொழிலையும் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

அத்தை இப்போது உப்பளத்துக்குப் போவதில்லை. மருமகள் போகிறாள். போன மாசியில் வேலை தொடங்கும்போது திண்டிவனத்தில் வாங்கிய வெள்ளைநிறப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை அவளிடம் கொடுத்தேன். முதல் வாரம் டிபன் பையிலேயே இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அத்தை அதை வாங்கித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். தெருவில் போன பிள்ளைகள் சிரித்தன. "சிரிச்சா சிரிச்சுட்டுப் போவட்டும்" என்று கழற்றாமலே முறம் புடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மருமகள் அதை மாட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். உப்பு படிந்து மங்கினால் துடைக்க இடுப்பில் ஒரு வெள்ளைத் துணியும் செருகியிருந்தாள்.